ஒராங்குட்டான்: பெயரில் இருக்கும் காடு

'ஒராங்' என்றால் மலாய் மொழியில் மனிதன். 'ஹூத்தான்' என்றால் காடு. இரண்டும் சேர்ந்ததுதான் ஒராங்குட்டான் என்ற மனிதக் குரங்கின் பெயர், அதாவது காட்டு மனிதன். சிலர் கடைசியில் ஒரு 'ங்' சேர்த்து 'ஒராங்குட்டாங்' என்பார்கள். மலாயில் 'ஹூத்தாங்' என்றால் கடன். காட்டு மனிதனைக் கடன்காரனாக்க வேண்டாமே!

சுமாத்ராவில் இதை 'மாவாஸ்' என்றும், போர்னியோ தீவிலுள்ள சரவாக்கில் 'மயாஸ்' என்றும் சொல்வது வழக்கம். ஆனால் உலகம் பிடித்துக்கொண்டது காட்டு மனிதனைத்தான். பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த டச்சு மருத்துவர் யாக்கோபுஸ் போந்தியுஸின் குறிப்புகள் அவர் இறந்த பிறகு 1658இல் அச்சாகின. இதற்குப் பேசத் தெரியும், வேலை வாங்கிவிடுவார்களே என்று பயந்து பேசாமல் இருக்கிறது என்று ஜாவா மக்கள் சொன்னதாக அதில் எழுதியிருக்கிறார். கெட்டிக்காரத்தனம்தான்! 1699இல் லண்டனில் எட்வர்ட் டைசன் 'ஒராங் அவுட்டாங்' என்று தலைப்பிட்டு ஓர் உடற்கூறு நூல் வெளியிட்டார். அவர் அறுத்துப் பார்த்ததோ ஆப்பிரிக்கச் சிம்பன்சி! மனிதச் சாயல் உள்ள எதற்கும் அந்தப் பெயரே போதும் என்றிருந்த காலம் அது.

வனவிலங்கு மருத்துவனாக எனக்கு உறுத்துவது வேறு. பெயரில் உள்ள மனிதனைப் பிடித்துக்கொண்டு காட்டை விட்டுவிடுகிறோம். டயப்பர் கட்டிய குட்டி, சட்டை போட்ட குட்டி என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. காட்டில் குட்டி ஆறேழு வருடம் தாயைவிட்டுப் பிரியாது. தாயும் சுமார் ஏழெட்டு வருடத்துக்கு ஒரு முறைதான் ஈனும். அதனால் காட்டிலிருந்து பிடித்து விற்கப்படும் குட்டிக்குப் பின்னால் பெரும்பாலும் கொல்லப்பட்ட ஒரு தாய் இருக்கும். இப்படி ஒரு தாய் போனால் அந்த இழப்பை ஈடுகட்டவே பல வருடம் ஆகும். போர்னியோ, சுமாத்ரா, 2017இல் தனி இனமாக அறிவிக்கப்பட்ட தபனூலி ஆகிய மூன்று இனங்களுமே அழிவின் விளிம்பில் இருக்கின்றன. தபனூலியில் மிஞ்சியிருப்பவை 800க்கும் குறைவு.

மனிதச் சாயலுக்கு மருத்துவத்தில் ஒரு விலை உண்டு. நம் சளி, காய்ச்சல், காசநோய் எல்லாம் அவற்றுக்கும் தொற்றும். அதனால்தான் பராமரிக்கும் ஊழியருக்குச் சளி பிடித்தால் அன்று வேறு வேலை கொடுத்துவிட வேண்டும். சுற்றுலாவில் பார்க்கப் போகிறீர்களா? சரி, முகக்கவசம் போடுங்கள், 10 மீட்டராவது தள்ளி நில்லுங்கள், பழம் நீட்டாதீர்கள். அதுவாகவே பக்கத்தில் வந்தால், செல்ஃபி எடுக்காமல் நீங்கள் பின்னால் நகருங்கள்.