எபிஸ்கோபல்: பிஷப் வருமுன் வந்த பெயர்

அமெரிக்காவில் பழைய சர்ச்சுகள் பலவற்றின் பலகையில் ‘எபிஸ்கோபல்’ என்று எழுதியிருப்பார்கள். ஏதோ ஒரு புனிதரின் பெயர்போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு நிர்வாக முறையின் பெயர்.

கிரேக்கத்தில் ‘எபி’ என்றால் மேல். ‘ஸ்கோப்போஸ்’ என்றால் பார்ப்பவர். இரண்டும் சேர்ந்த ‘எபிஸ்கோப்போஸ்’ மேற்பார்வை செய்பவரைக் குறிக்கும். அது லத்தீன் வழியாகப் பழைய ஆங்கிலத்துக்குப் போய், தலையும் வாலும் தேய்ந்து ‘பிஷப்’ ஆனது. ஆக, பிஷப்பின் மேற்பார்வையில் நடக்கும் சபை எபிஸ்கோபல் சபை. மூப்பர்கள் கூடி நடத்தினால் பிரெஸ்பிடேரியன். அந்தந்த ஊர்ச் சபையாரே நடத்திக்கொண்டால் காங்கிரிகேஷனல்.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தபோது, அதைச் சூடிக்கொண்ட சபைக்கு அங்கே ஒரு பிஷப்கூட இல்லை. பிலடெல்பியாவின் பழைய நகர்ப் பகுதியில், இரண்டாம் தெருவில் நிற்கும் கிறைஸ்ட் சர்ச்சின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். 1695இல் இங்கிலாந்துத் திருச்சபையின் கிளையாகத் தொடங்கிய சபை அது. இப்போதுள்ள கட்டடத்தை 1727 முதல் 1744 வரை கட்டினார்கள். 1754இல் முடிந்த கோபுரத்தின் உயரம் 196 அடி. அதற்குப் பணம் திரட்ட லாட்டரியே நடத்தினார்கள். முன்னின்று நடத்தியவர்களில் பெஞ்சமின் பிராங்க்ளினும் ஒருவர். இவ்வளவு இருந்தும் மேற்பார்வைக்கு லண்டன் பிஷப்தான். உள்ளூர்ப் பையன் ஒருவன் குருவாக வேண்டுமானால், அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போய்த்தான் பட்டம் பெற்றுவர வேண்டும்.

1776 ஜூலை 4 அன்று இந்தச் சபையின் நிர்வாகக் குழு கூடி, இங்கிலாந்து மன்னருக்கான மன்றாட்டை வழிபாட்டிலிருந்து நீக்க முடிவெடுத்தது. அப்போதைய குரு ஜேக்கப் டூஷே ஜெபப் புத்தகத்தில் மன்னர் பெயர் வரும் வரிகளைப் பேனாவால் அடித்தார். (அடுத்த ஆண்டே அவர் மனம் மாறி, சுதந்திரப் பிரகடனத்தைத் திரும்பப் பெறச் செய்யும்படி வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதியது தனிக்கதை.)

சரி, மன்னரை எடுத்தாயிற்று. ‘இங்கிலாந்து’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த இடத்துக்குத்தான் ‘எபிஸ்கோபல்’ வந்தது. 1780இல் மேரிலாந்தில் கூடிய குருக்களும் சபையாரும் ‘புராட்டஸ்டன்ட் எபிஸ்கோபல்’ என்ற பெயரை ஏற்றார்கள். ஆனால் பிஷப்பாக வேண்டியவர் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று இங்கிலாந்துச் சட்டம் சொன்னது. அதனால் அமெரிக்கக் குரு சாமுவேல் சீபரி 1784இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில், அந்தப் பிரமாணம் கேட்காத பிஷப்புகளிடம் பிஷப் பட்டம் பெற்றார். 1785இல் இந்தப் புதிய சபையின் முதல் பொதுப் பேரவை கிறைஸ்ட் சர்ச்சில் கூடியது. சட்டம் தளர்ந்தபின், அதே சர்ச்சின் குரு வில்லியம் ஒயிட் 1787இல் லண்டன் லாம்பெத்தில் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். பெயருக்கேற்ற ஆள் ஒருவழியாக அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தார்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? பழைய தமிழ் வேதாகமம் ‘எபிஸ்கோப்போஸ்’ என்ற சொல்லைக் ‘கண்காணி’ என்று பெயர்த்திருக்கிறது. வேர்ப்பொருளுக்கு இதைவிட நெருக்கமான சொல் கிடையாது. ஆனால் இலங்கை, மலாயா தோட்டங்களின் ‘கங்காணி’ அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டான்; இன்று எந்த பிஷப்பையும் அப்படி அழைக்க முடியாது. ‘அத்தியட்சர்’ என்பதும் மேற்பார்வையாளரைக் குறிக்கும் வடசொல்தான். இப்போது கொஞ்சம் பழசாகிவிட்டது. கத்தோலிக்கர் ‘ஆயர்’ என்பார்கள். மந்தை மேய்ப்பவர் என்ற பொருளில் வந்த சொல் அது. கண்காணிப்பு அதில் இல்லை. தென்னிந்தியத் திருச்சபையில் ‘பேராயர்’.

என் தேர்வு ‘ஆயராட்சித் திருச்சபை’. பொருள் உடனே புரிகிறது, பிரெஸ்பிடேரியனுக்கு ‘மூப்பராட்சி’ என்று இணையாகவும் சொல்லலாம். ஒரு குறிப்பிட்ட சபையின் பெயராக வரும்போது மட்டும் ‘எபிஸ்கோபல்’ என்றே எழுதிவிடுவது நல்லது. கூடவே வரும் ‘பாரிஷ்’ (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள பகுதி) என்ற சொல்லுக்குக் கத்தோலிக்கரின் ‘பங்கு’ பொருந்தும். திருநெல்வேலிக்காரர்கள் ‘சேகரம்’ என்று எழுதினாலும் நான் மறுக்கமாட்டேன்.