தூர் சாகாமல் கருவை சாகாது

“ஒரு தடவை அடிச்சா மறுபடி முளைக்கவே கூடாது, அப்படி ஒரு மருந்து குடுங்க.” உரக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. தரிசாகக் கிடந்த பூர்வீக நிலத்தை மீட்க வந்தவர், தோப்பின் வேலியோரம் முள் மண்டிப்போய்த் தவிப்பவர், வாங்கிப்போட்ட மனையைச் சுத்தம் செய்ய நினைப்பவர் என்று கேட்பவர்கள் பலவிதம். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. கூலி கொடுத்து வெட்டிய இடம் ஒரு மழைக்குப் பிறகு பழையபடி இடுப்புயரம் மண்டி நின்றால் யாருக்கும் வெறுத்துப்போகும்.

ஆனால் நிரந்தரத் தீர்வை மருந்து டப்பாவுக்குள் தேடுவதுதான் பாதிப் பிரச்சினை என்பேன். ஒவ்வொரு செடியும் தன் உயிரை ஏதோ ஓர் இடத்தில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. சிலவற்றுக்கு அது தூர், சிலவற்றுக்குக் கிழங்கு, சிலவற்றுக்கு விதை. அந்த இடத்தைத் தொடாத எந்த வேலையும், விலை உயர்ந்த மருந்தாகவே இருந்தாலும், ஒரு பருவத்துக்கு மேல் தாங்காது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி பக்கத்துத் தரிசுகளையும் கண்மாய்களையும் மூடிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை, அதாவது கருவையை, எடுத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும்.

மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும் கருவையின் சொந்த ஊர். விறகுத் தட்டுப்பாட்டுக்குத் தீர்வாக மதராஸ் மாகாண வனத்துறை இதைக் கொண்டுவந்தது. 1877-ல் ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் கடப்பை மாவட்டத்தில் விதைக்கப்பட்டன. மழை பொய்த்தாலும் வளரும், உவர் மண்ணிலும் வளரும், ஆடு மாடு இலையைக் கடிக்காது. அன்றைக்கு இவையெல்லாம் நல்ல குணங்கள்.

வெட்டினால் ஏன் மறுபடி துளிர்க்கிறது? தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, பட்டைக்குள் ஏராளமான மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. நாம் தூர் என்று சொல்வது இந்த இடத்தைத்தான். மரம் நன்றாக இருக்கும்வரை, நுனிக் கொழுந்தில் உருவாகிக் கீழே இறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் இந்த மொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைத்திருக்கும். அரிவாள் விழுந்ததும் அந்த அடக்குமுறை நின்றுபோகிறது. வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்து கைவசம் இருக்கிறது. பிறகென்ன, ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தண்டுகள் கிளம்பும். ஒற்றை மரமாக நின்றதை நாமே வெட்டிப் புதராக்கிவிடுகிறோம். தீ வைத்தாலும் இதே கதை. கன்றுகள் கருகும், முதிர்ந்த மரம் தூரிலிருந்து எழுந்துவிடும். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி மாவட்டம் மாவட்டமாகக் கருவை அகற்றும் வேலை நடந்தது நினைவிருக்கும். தரையோடு தரையாக அறுத்துவிட்டுப் போன இடங்களெல்லாம் திரும்பவும் காடாகத்தான் போயின.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கருவையின் ஆணிவேர் எவ்வளவு ஆழம் போகும் என்பதைக் கேட்டே பலர் பயந்துபோகிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில், ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில், இந்தப் பேரினத்து மரத்தின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஆழத்துக்கெல்லாம் யாரும் தோண்ட வேண்டியதில்லை. மொட்டு இருப்பது தூரில் மட்டும்தான். மண்ணுக்குக் கீழே ஓர் அடி ஆழத்தில் வேரை அறுத்துத் தூரை வெளியே எடுத்துவிட்டால், கீழே எஞ்சிய வேர் துளிர்க்க வழியில்லாமல் மட்கிப்போகும். அதனால் ஜேசிபி ஓட்டுநரிடம் “மரத்தைச் சாய்ச்சுடுங்க” என்று சொல்லிவிட்டு வராதீர்கள். தூர் முழுசாக வெளியே வந்ததா என்று குழிக்குழியாகப் பார்க்க வேண்டும். ஈரம் இருக்கும்போது பிடுங்கினால் தூரோடு வரும். காய்ந்த கரிசலில் இழுத்தால் பாதியில் ஒடிந்து, மொட்டுகள் உள்ளேயே தங்கிவிடும். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிற வட்டாரங்களில் இயந்திரச் செலவில் ஒரு பகுதி இதிலேயே திரும்பி வரும்.

இயந்திரம் போக முடியாத இடத்துக்கு மருந்து. களைக்கொல்லிகளைப் பார்க்கும்போது எதைக் கொல்கிறது என்பதைவிட, செடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. பாராகுவாட் போன்றவை பட்ட இடத்தை மட்டும் கருக்கும். அடித்த மறுநாளே இலை காய்ந்துபோவதால் அருமையான மருந்தாகத் தோன்றும், ஆனால் தூருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இத்தனைக்கும் மனிதர் உடலுக்குள் போனால் மாற்று மருந்து இல்லாத விஷம் அது. இன்னொரு வகை, இலை தயாரித்த சர்க்கரை வேருக்குப் போகும் பாதையிலேயே தானும் ஏறிக் கீழே இறங்கும். கிளைபோசேட், டிரைக்ளோபிர், 2,4-டி எல்லாம் இந்த வகை. 2,4-டி-யும் டிரைக்ளோபிரும் ஆக்சின்போல நடித்து, செடியைத் தாறுமாறாக வளரவைத்தே கொல்லும். கிளைபோசேட் வேலை செய்வது வேறு மாதிரி. புரதம் கட்டத் தேவையான மூன்று அமினோ அமிலங்களைச் செடி தயாரிக்கும் வழியில் ஒரு நொதியை அது அடைத்துவிடுகிறது. ஆகவே செடி சாக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும்.

இந்த இரண்டாவது வகைக்கு நேரம் முக்கியம். சர்க்கரை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் மருந்தும் போகும். இளந்துளிர் விடும் காலத்தில் வேரின் சேமிப்பு மேலே வந்துகொண்டிருக்கும். அப்போது இலையில் தெளித்தால் தூருக்குப் போய்ச் சேராது. இலை முற்றி, மண்ணில் ஈரம் இருந்து, செடி திடமாக நிற்கும்போதுதான் சத்து கீழே இறங்கும். டெக்சாஸில் கருவையின் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்துக்கு மருந்து தெளிப்பவர்கள், ஓர் அடிக்குக் கீழே மண்ணின் வெப்பம் சுமார் 24 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகே தெளிப்பார்கள். கடும் வறட்சியில் இலை வாடிக்கிடக்கும்போது இங்கே நாம் அடிப்பது மருந்தையும் கூலியையும் வீணாக்குவதுதான்.

கருவையின் சின்னச் சின்ன இலைகள் பெரிய மரத்தில் போதுமான மருந்தை வாங்கிக்கொள்வதில்லை. அதைவிட, அறுத்த கட்டையில் தடவுவது மேல். இங்கே கவனிக்க வேண்டியது இரண்டு. மரத்தின் நடுவிலிருக்கும் வைரம் உயிரற்றது, அங்கே ஊற்றி லாபமில்லை. பட்டைக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய வளையம்தான் உயிருள்ள பகுதி, அதில்தான் மருந்து பட வேண்டும். அடுத்தது, அறுத்த சில நிமிடங்களுக்குள் தடவ வேண்டும். காலையில் எல்லாவற்றையும் அறுத்துப்போட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து சாயங்காலம் தடவினால், வெட்டு வாய் காய்ந்து அடைபட்டிருக்கும். ஒருவர் அறுக்க, இன்னொருவர் தூரிகையோடு பின்னாலேயே போவதுதான் முறை. காற்றில் பறக்காது, பக்கத்துச் செடியில் படாது, மருந்தும் கொஞ்சமே செலவாகும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளைபோசேட் களிமண் துகளோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் பொருள். கண்மாயின் கலங்கல் தண்ணீரில் கலந்தால் மருந்தின் ஒரு பகுதி டேங்குக்குள்ளேயே மண்ணோடு ஒட்டிச் செயலிழந்துவிடும். சுண்ணாம்பு கலந்த கடினமான போர் தண்ணீரும் அதை முடக்கும். “மருந்து சரியில்லை” என்று கடைக்காரரோடு சண்டை போடுமுன் தண்ணீரைப் பார்ப்பது நல்லது.

சரி, ஒரு தடவை அடித்தால் வருஷக்கணக்கில் எதுவும் முளைக்காத மருந்தே கிடையாதா? இருக்கிறது. ரயில் பாதை, தொழிற்சாலை வளாகம் போன்ற இடங்களுக்கான மண்ணில் தங்கும் களைக்கொல்லிகள் அவை. டெபுதியூரான் என்ற ஒன்று மண்ணில் பாதியாகக் குறையவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். நீடித்த பலன் என்று மட்டும் பார்த்தால் இது நீண்ட காலம் தாங்கும். ஆனால் விவசாய நிலத்துக்கு இது வேண்டவே வேண்டாம் என்பேன். வேர் வழியாக உறிஞ்சப்படும் மருந்து அது. உங்கள் கருவைக்கு வைத்ததைப் பக்கத்து நிலத்து வேம்பின் வேரும் எல்லை தாண்டி வந்து குடிக்கும். மழையில் இறங்கிக் கிணற்றுக்கும் போகும். நாளைக்கு நீங்கள் நட நினைக்கும் மாங்கன்றும் அதே மண்ணில்தான் வேர்விட வேண்டும். கல்லுப்பைக் கொட்டுவது இன்னும் மோசம். உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, தண்ணீர் இறங்காத பாறைபோல் ஆக்கிவிடும். உவரைத் தாங்கும் கருவைதான் அங்கே முதலில் திரும்பி வரும்.

கிளைபோசேட்டை எடுத்தாலும் கவனம் வேண்டும். 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்கு ‘அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியவை’ என்ற வரிசையில் வைத்தது. பல நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த முடிவை ஏற்கவில்லை. அதே ஆண்டு இலங்கை அதை முழுவதுமாகத் தடைசெய்து, 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தியது. இந்தியாவில் 2022 அக்டோபர் முதல் உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. கால் ஏக்கர் அரை ஏக்கர் வைத்திருப்பவர் மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டே தூரை எடுத்துவிடலாம். உடம்பு நோகும், ஆனால் அதுவே உறுதியான வழி.

கோரைப்புல் என்ற களைக்கு இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். அதன் உயிர் மண்ணுக்குள் சங்கிலிபோல் கோத்துக் கிடக்கும் கிழங்குகளில் இருக்கிறது. ஒரு கிழங்கு முளைவிட்டிருக்கும்போது சங்கிலியில் மற்றவை பெரும்பாலும் உறங்கும். ஈரத்தில் ஒரு சால் உழுதால் சங்கிலி அறுந்து, ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக முளைக்கும். கோரைக்குப் பிடிக்காதது உலர்தல். அதனால் சித்திரை வெயிலில் ஆழ உழுது, கட்டியைப் புரட்டிப்போட்டு, காயக் காயத் திரும்பத் திரும்ப உழுவதுதான் அதற்கான வைத்தியம். நடுவில் மழை வந்துவிட்டால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

உண்மையிலேயே நீடித்த வெற்றி என்று தென்னிந்தியா காட்டக்கூடியது சப்பாத்திக்கள்ளிக் கதை. 1795-ல் சாயம் எடுக்கலாம் என்று கொண்டுவந்த பூச்சி ஒன்று, சாயத்துக்கு உதவாமல் கள்ளியைத் தின்று தீர்த்தது. வேறொரு வகைக் கள்ளி பரவியபோது, அதற்கேற்ற பூச்சியை 1926-ல் இலங்கையிலிருந்து வேண்டுமென்றே வரவழைத்தார்கள். சில ஆண்டுகளில் பெரும் பரப்பிலான கள்ளிக்காடு அழிந்தது. கருவைக்கு இப்படிச் செய்யலாமா என்றால், மரத்தையே தின்னும் பூச்சியை விடுவதற்குத் தயக்கம் இருக்கிறது. விறகையும் கரியையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. தென் ஆப்பிரிக்கா நடுவழி ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. மரத்தை விட்டுவிட்டு விதையை மட்டும் துளைக்கும் வண்டுகளை 1987 முதல் அங்கே விட்டார்கள். மரம் பரவும் வேகத்தைக் குறைப்பதுதான் நோக்கம். ஆனால் வண்டு கண்டுபிடிக்குமுன் நெற்றுகளை (முற்றிக் காய்ந்த காய்களை) கால்நடைகள் தின்றுவிட்டதால், அதுவும் எதிர்பார்த்த அளவு பலிக்கவில்லை.

கருவையின் இரண்டாவது ஒளிவிடமும் இந்த நெற்றுதான். இனிப்பான நெற்றை ஆடும் மாடும் ஆசையாகத் தின்னும். கெட்டித்தோல் விதைகளில் ஒரு பங்கு செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே வரும். வயிற்றில் தோல் இளகிவிடுவதால் இன்னும் நன்றாக முளைக்கும். மண்ணில் அந்த விதை பல வருடம் தாங்கும். எனவே தூரெடுத்த நிலத்தில் அடுத்த சில மழைக்காலங்கள் கன்றுகளைத் தேடித் தேடிப் பிடுங்க வேண்டும். ஒரு முழம் தாண்டாத கன்று ஈர மண்ணில் கையோடு வரும். நிலத்தை வெறுமனே போடாமல் கம்போ உளுந்தோ விதைத்து ஆண்டுதோறும் உழுதால், வேலையில் பெரும்பகுதியைக் கலப்பையே செய்துவிடும். உரத்துக்காக நிலத்தில் மந்தையை அடைத்துக் கிடை போடுவதாக இருந்தால், மந்தை அதற்கு முந்தைய ஒரு வாரம் கருவை நெற்று மேய்ந்ததா என்று அதை மேய்க்கும் கீதாரியிடம் கேளுங்கள். மேய்ந்திருந்தால், நெற்று இல்லாத இடத்தில் ஒரு வாரம் நிறுத்தி வயிறு சுத்தமான பிறகு நிலத்துக்குள் விடச் சொல்லுங்கள்.