ஏரிச் சாலையில் கூடி வரும் நினைவுகள்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளச் சாலை ஒன்று செல்கிறது. மதுரை கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் அணை கட்டி உருவாக்கிய ஏரி அது. சென்ற தை மாதம், கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் நால்வர் காலைப் பனி விலகும் நேரத்தில் அங்கே நடந்துகொண்டிருந்தோம். படகுத் துறை கண்ணில் பட்டதும் ஒருவர், "விடுதிக் காப்பாளரின் குடை!" என்றார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இரவல் வாங்கி வந்த அந்தக் குடையை ஏரியில் தவறவிட்ட கதையின் தொடக்கம் ஒருவருக்கும், நடு இன்னொருவருக்கும், பேருந்தில் வாயடைத்துத் திரும்பிய முடிவு எனக்கும் நினைவிருந்தது. தனியாக எவராலும் சொல்ல முடியாத கதை, அரைக் கிலோமீட்டர் நடப்பதற்குள் முழுமையாக வந்துவிட்டது.

ஒரு நிகழ்ச்சியின் காட்சி, ஒலி, உணர்ச்சி ஆகியவை மூளையின் மேலடுக்கான புறணியின் வெவ்வேறு பகுதிகளில் பதிகின்றன. அவற்றை ஒரே முடிச்சாகக் கட்டுவது ஹிப்போகாம்பஸ் என்னும் உட்பகுதி. முடிச்சின் ஏதேனும் ஒரு நுனி இழுக்கப்பட்டால் மற்றவையும் கூடவே எழுந்து வரும். எந்தத் தூண்டுதல் அவ்வாறு இழுக்கும் என்பதற்கு உளவியலாளர்கள் எண்டல் டல்விங்கும் டொனால்டு தாம்சனும் 1973-இல் விடை கூறினர்: நிகழ்ச்சி பதிந்தபோது அதனோடு சேர்ந்து பதிந்த தூண்டுதலே அதனைத் திறம்பட மீட்டெடுக்கும்.

அப்படியானால் பழைய இடத்துக்குப் போனாலே போதுமே என்று தோன்றலாம். 1975-இல் ஸ்காட்லாந்தில் முக்குளிப்பவர்களிடம் நடந்த புகழ்பெற்ற சோதனை அதையே கூறியது. நீருக்கடியில் கற்ற சொற்கள் நீருக்கடியிலும், கரையில் கற்றவை கரையிலும் கூடுதலாக நினைவுக்கு வந்தன. ஆனால் 2021-இல் அச்சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. இடத்துக்கு ஆற்றல் இருக்கிறது. நாம் எண்ணுமளவுக்கு இல்லை என்றே கருதுகிறேன். மணத்தின் வழி வேறு. பிற புலன்களின் செய்திகள் தலாமஸ் என்னும் இடைநிலையத்தைக் கடந்தே புறணியை அடைய, மணம் மட்டும் அதைக் கடக்காமலே உணர்ச்சிக்குரிய அமிக்டலாவையும் ஹிப்போகாம்பஸின் அண்டைப் பகுதிகளையும் எட்டிவிடுகிறது. ஈரமான தைல மரத்து இலையைக் கசக்கி முகர்ந்த நண்பர் சில கணங்கள் பேச்சற்று நின்றதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

எனினும், இடத்தையும் மணத்தையும் விட வலிய தூண்டுதல் பழைய நண்பரே என்பது என் துணிபு. இதற்கு எதிரான சான்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு பட்டியலைச் சிலர் கூடி நினைவுகூர்ந்தால், தனித்தனியே நினைவுகூர்ந்தவற்றைத் தொகுப்பதை விடக் குறைவாகவே கிடைக்கிறது. ஒருவர் சொல்லும் வரிசை மற்றவரின் நினைவோட்டத்தை அறுத்துவிடுகிறது. ஆனால் நெடுங்காலம் இணைந்து வாழ்ந்த முதிய தம்பதியரை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்தபோது, சிலர் கூடிப் பேசித் தனித்தனி நினைவுகளின் கூட்டுத்தொகையையே மிஞ்சினர். ஒருவர் சொன்னதை மற்றவர் திரும்பச் சொல்வதும், சிறு குறிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும் அத்தம்பதியரின் வழக்கமாக இருந்தன. பழைய நண்பர்களின் பேச்சும் அப்படித்தானே நடக்கிறது! அதற்குக் காத்திருக்க நேரம் வேண்டும். ஒரே நாளில் பன்னிரண்டு இடங்களைக் காட்டும் வேன் பயணத்தில் அது வாய்ப்பதில்லை. வேகவைத்த மக்காச்சோளத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெல்ல நடக்கும் நடையில் வாய்க்கிறது.

நடுவயதைக் கடந்தோர் நினைவுகூரும் நிகழ்ச்சிகளில் ஏறத்தாழ 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவை மிகுந்திருப்பதும் இங்கே சேர்ந்துகொள்கிறது. கல்லூரித் தோழர் அந்த வயதின் சாட்சி. பிறகு சிரிப்பு வருகிறது. பின்லாந்தின் டுர்கு நகர ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், நெருங்கிய நண்பர்களோடு அரை மணி நேரம் நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்துச் சிரித்தவர்களின் மூளையில், வலியைத் தணித்து இதமளிக்கும் எண்டார்பின் வகைப் பொருள்கள் சுரந்தது படமாகவே பதிவாயிற்று.

மீண்டு வரும் நினைவு வந்தபடியே திரும்பிச் சேமிக்கப்படுவதில்லை. எலிகளிடம் 2000-இல் நரம்பியல் ஆய்வாளர் கரீம் நாடர் குழுவினர் நடத்திய சோதனை, மீட்டெடுக்கப்பட்ட நினைவு சிறிது நேரம் இளகிய நிலையில் இருந்து மறுபடியும் உறைய வேண்டியிருப்பதைக் காட்டியது. மனிதர்களிடமும் அந்த இளக்கத்தில் கேட்பவரின் சொல் கலக்க இடமுண்டு. குடை கறுப்பு என்று நாங்கள் மூவரும், நீலம் என்று நான்காமவரும் நெடுநேரம் வாதிட்டோம். ஏரியின் கடைசி வளைவைக் கடந்தபோது, கறுப்பாகத்தான் இருந்திருக்கும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். அடுத்த முறை அவர் மனத்தில் அது கறுப்பாகவே விரியக்கூடும். உண்மையில் நீலமாகவே இருந்திருந்தாலும்.