பழைய கூறையில் எங்கே கத்தரி வைப்பது?

பழைய கூறைச்சேலையை எடுத்து விரித்தால் கிழிசல்கள் கண்ட கண்ட இடத்தில் இருக்காது. மடிப்புக் கோடுகளில் இருக்கும், இடுப்பில் செருகிய ஓரத்தில் இருக்கும், தோளில் ஊசி குத்திய இடத்தைச் சுற்றி இருக்கும். மற்ற இடமெல்லாம் நேற்று வாங்கியது போலப் பளபளக்கும். அம்மம்மாவின் கூறையில் பேத்தியின் சாமத்திய வீட்டுக்கு, அதாவது பூப்புனித நீராட்டு விழாவுக்கு, பாவாடை சட்டை தைக்கலாமா, வெளிநாட்டிலிருந்து வரும் மகளுக்கு ஒரு பஞ்சாபி (சல்வார் கமீஸ்) தைக்கலாமா என்று கேட்கிறவர்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு. தைக்கலாம். ஆனால் ஒரு பட்டுச்சேலை முழுவதும் ஒரே வயதில் இருப்பதில்லை. எந்தப் பகுதி கிழடு, எந்தப் பகுதி இன்னும் இளசு என்று தெரிந்துகொண்ட பிறகுதான் என்ன தைப்பது என்றே முடிவெடுக்க முடியும்.

பட்டு என்பது புரதம். புழு துப்பும் இழையின் உள்ளே பைப்ரோயின், அதைச் சுற்றிப் பசை போல செரிசின். ஒரு கூட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீள இழை அறாமல் வரும். சவர்க்காரம் கலந்த சுடுநீரில் அவித்துச் செரிசினை நீக்கும்போது நூலின் எடையில் கால்வாசி போய்விடும். மிஞ்சுகிற பைப்ரோயினில் நீளமான புரதச் சங்கிலிகள் சில இடங்களில் நெருக்கமாக அடுக்கிப் பளிங்காக இறுகியிருக்கும், இடையிடையே தளர்ந்து ஒழுங்கில்லாமல் கிடக்கும். இறுகிய பகுதி வலிமையைத் தருகிறது, தளர்ந்த பகுதி இழுபட இடம் கொடுக்கிறது. நல்ல பட்டிழை அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நீளும்.

பட்டு இத்துப்போவது என்றால் அந்தத் தளர்ந்த பகுதிகளில் சங்கிலிகள் துண்டு துண்டாவது. இழை நீள மாட்டாது, சட்டென்று அறும். ஆனால் பட்டின் மினுக்கம் வேறு கணக்கு. இழையின் குறுக்குவெட்டு முக்கோணம் போல இருப்பதால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புகிறது. உள்ளே சங்கிலி அறுந்தாலும் வெளி வடிவம் அப்படியேதான் இருக்கும். அதனால்தான் செத்த பட்டும் மினுங்கும். பளபளப்பை நம்பிக் கத்தரி வைக்கக் கூடாது.

சங்கிலியை அறுப்பவற்றில் முதலாவது வெயில். கழியூதாக் கதிர்கள் பைப்ரோயினில் உள்ள டைரோசின், டிரிப்டோபன் என்ற அமினோ அமிலங்களைத் தாக்கும். வெள்ளைப் பட்டு மஞ்சளாவது இதனால்தான். இரண்டாவது வியர்வை. உடம்பிலிருந்து வரும்போது இலேசாக அமிலமாக இருப்பது, துணியில் ஊறிக் கிடந்தால் பக்டீரியாக்கள் அமோனியாவை உண்டாக்கிக் காரமாக மாறும். பட்டுக்குக் காரம் பகை. சலவைத்தூளும் சலவைக்கட்டியும் காரம்தான். குளோரீன் சேர்ந்த வெளுப்பான் பட்டை ஒரேயடியாகக் கரைத்துவிடும், அதைக் கிட்டவும் கொண்டுவரக் கூடாது.

இதில் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருவது. அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகித் துணியில் படியும். துவைத்துக் காய்ந்த பட்டு தகரம் போல விறைப்பாவது அநேகமாக இதனால். கடைசி அலசலுக்கு மாரிமழைத் தண்ணீர் பிடித்து வைத்து, அதில் சிறிது வினாகிரி விட்டால் போதும். 1990களில் பொருளாதாரத் தடையின்போது சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த வீடுகளை இங்கே பலருக்கும் நினைவிருக்கும். பனங்களியில் பிளேபெல்லிபெரின் என்ற சப்போனின் வகைகள் இருக்கின்றன. நுரைக்கக் கூடியவை, சோடாவைப் போலக் காரம் கிடையாது. அதற்காகக் கூறையைப் பனங்களியில் முக்க வேண்டாம், அதன் மஞ்சள் நிறம் பிறகு உங்களோடுதான் இருக்கும்.

மூன்றாவது, மடிப்பு. றங்குப்பெட்டியிலோ அலுமாரியிலோ ஒரே மடிப்பில் வருடக்கணக்காகக் கிடந்த சேலையில், கோட்டின் மேல் உள்ள ஒவ்வொரு நூலும் எப்போதும் வளைந்தே இருந்திருக்கிறது. அதிலும் சரிகை ஓடும் இடத்தில் நிலைமை மோசம். அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் பூசியது. உலோகம் வளைந்து வளைந்து இறுகி உடையும், உடைந்த விளிம்பு பக்கத்துப் பட்டை அறுக்கும்.

இந்த இடத்தில் ஒரு தையல்காரி அக்கா சேலையைச் சோதிப்பதைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் வீட்டிலேயே தைக்கிறவர். சேலையை யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து முழத்துக்கு முழம் நகர்த்துகிறார். நூல் விலகிய இடம் வெளிச்சத்தில் கோடாகத் தெரிகிறது. அங்கெல்லாம் சோக்கால் இல்லாமல் வெள்ளை நூலால் தளர்வாக ஒரு அடையாளத் தையல். பிறகு இரண்டு பெருவிரல்களையும் அருகருகே வைத்து மெல்ல விரிக்கிறார். ஓரத்தில் ஒரு நூலை உருவி இழுக்கிறார். முந்தானைப் பக்கத்து நூல் கொஞ்சம் இழுபட்டு அறுகிறது, இடுப்புப் பக்கத்து நூல் சத்தமே இல்லாமல் விட்டுவிடுகிறது. “பிள்ளை, சீலை பாக்க நல்லாத்தான் இருக்கு. கொய்யகத்துக்கு மேல்ப்பக்கம் முழுக்க இத்துப்போச்சு. இதிலை இறுக்கமா ஒண்டும் தைக்கேலாது” என்கிறார். கொய்யகம் என்பது இடுப்பில் செருகும் கொசுவ மடிப்பு. கருவி எதுவும் இல்லாமல் பட்டின் நீட்சியை அளந்துவிட்டார்.

சரி, அந்தச் சேலையில் என்ன தைக்கலாம்? என்னைக் கேட்டால் முதலில் பாவாடை. காரணம் நெசவில் இருக்கிறது. சேலையின் நீளவாட்டில் ஓடுவது பாவு, அகலவாட்டில் ஓடுவது ஊடை. உடுத்தும்போது பாவு உடம்பைச் சுற்றிப் போகிறது, ஊடை இடுப்பிலிருந்து கால்வரை தொங்கிப் பாரத்தைத் தாங்குகிறது. கரையைக் கீழே வைத்துப் பாவாடை தைத்தால் இந்த ஏற்பாடு மாறுவதில்லை. சேலையின் அகலம் 45 முதல் 48 அங்குலம். சிறுமிக்கு 36 அங்குலப் பாவாடை என்றால் மேலிருந்து ஒன்பது அங்குலம் அளவுக்கு வெட்டித் தள்ளலாம். வியர்வையில் ஊறியது அந்த மேல் ஓரம்தான். கெட்டது தானாகவே கழிந்துவிடுகிறது.

மடிப்புக் கோடுகளிலும் இரண்டு வகை உண்டு. சேலையின் அகலவாட்டில் விழுந்த மடிப்பு பாவு நூல்களை அறுத்திருக்கும். பாவாடையில் அது மேலிருந்து கீழாக வரும் கீறல். பாரத்தைச் சுமக்கும் ஊடை நூல்கள் அந்தக் கீறலுக்கு இணையாகவே ஓடுவதால் அது இலேசில் பெரிதாகாது, சுருக்குக்குள் மறைந்தும் விடும். நீளவாட்டில், சேலையை நடுவே இரண்டாக மடித்த கோடு அப்படியல்ல. அங்கே அறுந்தவை ஊடை நூல்கள். பாவாடையின் நடுவில் வட்டமாக ஓடும் அந்தக் கோட்டைக் கீழே தொங்கும் சரிகைக் கரையின் பாரம் நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். அதை அப்படியே விட்டால் ஒரு நாள் திருவிழாவுக்கே தாங்காது. கோட்டை உள்ளே அடக்கி ஒரு டக் பிடித்துவிட்டால், மேலும் கீழும் உள்ள நல்ல பட்டு ஒன்றோடொன்று தைபட்டுப் பாரம் அந்தத் தையல் வழியாகப் போகும். சின்னப் பிள்ளைகளின் பாவாடையில் வளர்த்திக்காக டக் பிடிப்பது வழக்கம்தானே, யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இந்த டக்கைப் பிறகு அவிழ்க்கக் கூடாது.

பஞ்சாபியோ பிளவுஸோ வேண்டும் என்றால் வேலை கூடும். தோள்பட்டையின் பின்பக்கமும் அக்குளும் அதிகம் இழுபடும் இடங்கள். சேலையில் மிக நல்ல துண்டு அங்கே போக வேண்டும். அதற்கும் மேலே, ஒவ்வொரு துண்டின் பின்னாலும் மெல்லிய பருத்தித் துணியை வைத்து, இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்துத் தைக்க வேண்டும். தனியே தொங்கும் லைனிங் இதற்கு உதவாது; சேர்த்துத் தைத்தால்தான் பாரம் பருத்திக்கு மாறும். அயன் பண்ணி ஒட்டும் கன்வாஸ் வசதிதான், கடைகளிலும் கிடைக்கும். ஆனால் அதன் பசை உருகிப் பட்டு இழைகளுக்குள் இறங்கினால் திரும்ப எடுக்கவே முடியாது. அம்மம்மாவின் கூறைக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

தையலும் பொடியாக இருக்கக் கூடாது. நெருக்கமான ஊசித் துளைகள் முத்திரையின் ஓரம் போலக் கிழிவதற்கு வழி போட்டுக் கொடுக்கும். ஒன்பதாம் பதினோராம் இலக்கத்தில் மெல்லிய புது ஊசி, கொஞ்சம் நீளத் தையல், உடம்போடு ஒட்டாத அளவு. பட்டிழை வழுவழுப்பானது என்பதால் இறுக்கிப் பிடித்தால் தையல் பிரியாமலே நூல்கள் பக்கத்துக்கு விலகிப் போகும். பட்டு நனைந்தால் வலிமை குறையும், மிகவும் காய்ந்தால் முறுகும். அதனால் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு நிழலில் விரித்துக் காற்றின் ஈரத்தை உறிஞ்ச விடுவது நல்லது. நாப்தலீன் மணமும் அப்போதே குறையும்.

சில சேலைகளில் உடல் முழுவதும் போயிருக்கும், கரை மட்டும் பிழைத்திருக்கும். கறுத்த சரிகை என்றால் பயப்பட வேண்டாம். வெள்ளி, காற்றிலுள்ள ஐதரசன் சல்பைட்டோடு சேர்ந்து வெள்ளி சல்பைட்டாகியிருக்கிறது. தேசிக்காய், புளி போட்டுத் தேய்த்தால் கறுப்போடு பொன்பூச்சும் போய்விடும். பச்சை பிடித்திருந்தால் அது செம்புச் சரிகை, கடற்காற்றின் உப்பு தன் வேலையைக் காட்டியிருக்கிறது. ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டும்போது சுருண்டு உருகிக் கெட்டி மணியாகினால் அது பொலியெஸ்டர். சூடான அயன் பட்டால் முழுக் கரையும் சுருங்கும்.

அசல் சரிகைக் கரையைப் புதுப் பட்டிலோ பருத்தியிலோ வைத்துத் தைக்கலாம். பழைய கரை சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடித்தது. புதுத் துணி இன்னும் சுருங்கவில்லை. அப்படியே தைத்துவிட்டால் முதல் தோய்ப்பிலேயே துணி உள்ளே இழுக்கக் கரை அலை அலையாக நிற்கும். புதுத் துணியை முதலில் நனைத்து, நிழலில் காயவைத்து, அப்புறம் கரையை அளந்து வையுங்கள்.