ஆறுமணிக் குருவிக்கு ஸ்பீக்கர் போடாதீர்கள்

அக்டோபர் பிறந்துவிட்டால் என் கிளினிக்குக்கு ஷூ பெட்டிகள் வர ஆரம்பித்துவிடும். நாய்க்கு ஊசி போட வந்தவர்களுக்கு நடுவில் யாராவது ஒருவர் பெட்டியை மெதுவாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே பெரும்பாலும் ஆறுமணிக் குருவி. வடக்கே, இமயமலை அடிவாரம் வரையிலான காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை இது. சென்னைக்கு வந்து சேரும்போது களைத்துப்போய் ஜன்னல் கண்ணாடியில் மோதி விழும். அப்படி விழுந்ததில் பல, இருட்டான பெட்டியில் சில மணி நேரம் சத்தமில்லாமல் விட்டாலே தெளிந்து எழுந்துவிடும்.

போன வாரம் வந்தது அப்படியில்லை. வலசை வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆன குருவி. மோதிய காயம் எதுவும் இல்லை. ஒரு தோப்பில், பட்டப்பகலில், இறகைச் சிலிர்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்ததாம். பக்கத்தில் போனபோதும் பறக்கவில்லையாம். பறவை கைக்கு வந்ததும் நாங்கள் முதலில் தடவிப் பார்ப்பது மார்பெலும்பை. நன்றாகச் சாப்பிட்ட குருவிக்கு அதன் இரண்டு பக்கமும் சதை மேடாக இருக்கும். இதற்குக் கத்தியின் விளிம்பைத் தொட்ட மாதிரி இருந்தது. தராசில் 38 கிராம். தேறிய குருவி என்றால் 50க்கு மேல் இருக்க வேண்டும். வயிற்றுப்பக்கச் சிவப்பும் இறக்கையின் நீலமும் அப்படியே பளபளத்தன, உள்ளேதான் ஒன்றுமில்லை. மறுநாள் விடிவதற்குள் இறந்துவிட்டது.

கொண்டுவந்த தம்பியிடம் விசாரித்தேன். பத்து நாளாக அந்தத் தோப்பில் கேமராக் கூட்டம். புதருக்குப் பக்கத்தில் புளூடூத் ஸ்பீக்கரை வைத்து ஆறுமணிக் குருவியின் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். அவனும் இரண்டு நாள் போயிருக்கிறான். “நாங்க யாரும் தொடவே இல்ல டாக்டர், படம்தான் எடுத்தோம்” என்றான். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அவனைத் திட்ட மனம் வரவில்லை. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை குளிர்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

மெலிவுக்கு ஸ்பீக்கர்தான் காரணம் என்று பிரேதப் பரிசோதனையில் எழுத முடியாது. குடல் புழுவோ வேறு நோயோகூட உடன் சேர்ந்திருக்கலாம். ஆனால் அந்தப் பத்து நாள் அந்தக் குருவிக்கு என்னவாக இருந்திருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

காலையும் மாலையும் அது கத்துவதை நாம் பாட்டு என்கிறோம், அந்த நேரத்தை வைத்துத்தான் பெயரும் வைத்தோம். அது கத்துவது, “இந்த இடம் என்னுடையது” என்று பக்கத்துக் குருவிக்குச் சொல்ல. சருகைப் புரட்டிப் புழுவும் பூச்சியும் பொறுக்க அதற்கென்று ஒரு துண்டு நிலம் வேண்டும், குளிர்காலம் முழுக்க அதில்தான் பிழைப்பு. அங்கே இன்னொரு குருவியின் குரல் கேட்டால் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தேடிக்கொண்டு வரும். நிஜக் குருவியாக இருந்தால் பதில் குரல் கேட்டு விலகிப் போய்விடும். ஸ்பீக்கர் விலகாது. குருவி தேடும், கத்தும், கிளையில் ஏறிப் பார்க்கும். நீங்கள் அதைப் படம் எடுப்பீர்கள். நீங்கள் போனதும் அடுத்தவர் வந்து அதே குரலைப் போடுவார்.

டிசம்பரில் சென்னைக்குப் பகல் பதினொன்றரை மணி நேரம்கூட இல்லை. மழை நாளில் இரை தேடும் நேரம் இன்னும் குறையும். பகலில் சாப்பிட்டதை வைத்துத்தான் அது ராத்திரியைத் தள்ள வேண்டும். ஆகவே “தொடவில்லை” என்பது கணக்கிலேயே வராது. தொடாமலேயே அதன் சாப்பாட்டு நேரத்தை எடுத்துவிட்டீர்கள்.

பறக்கிற படம் வேண்டுமென்று கை தட்டிப் பறவையை எழுப்புகிறவர்களுக்கும் இதுதான். பள்ளிக்கரணையிலும் பழவேற்காட்டிலும் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும். அவற்றை எழுப்பிவிட்டால் கூடவே சேற்றில் மேயும் சின்ன உள்ளான் பறவைகளும் எழும்பும். கொசு உள்ளானின் எடை 25 கிராம் அளவுதான், வருவதோ ஆர்க்டிக் பக்கத்திலிருந்து. திரும்பிப் போவதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்க வேண்டும். “பறவைதானே, பறந்தால் என்ன?” என்று கேட்காதீர்கள். பறப்பதைப் போலச் சக்தி பிடிக்கிற வேலை அதற்கு அதிகம் இல்லை.

கூடு விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் குளிர்காலம்தான் கூடு கட்டும் காலம். படம் தெளிவாக வர வேண்டுமென்று கூட்டை மறைக்கிற இலையை ஒடிக்கிறார்கள். அந்த இலைதான் குஞ்சுக்கு வெயில் மறைப்பு, காக்கைக்குக் கண் மறைப்பு. டிரோன் வந்தால் தாய் எழும்பிப் போகும், காக்கைக்கு ஒரு நிமிடம் போதும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வது அடங்கும். விரட்டுவதும் இரை வைத்து இழுப்பதும்கூட அடங்கும். துப்பாக்கி இருந்தால்தான் வேட்டை என்றில்லை. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காக ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகள்கூடக் கேட்டு அடம்பிடிப்பதில்லை. நம்மால் ஒரு ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டு வர முடியாதா?

சரி, எப்படிப் பார்ப்பது? கரையிலோ காருக்குள்ளோ உட்காருங்கள். அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் அதுவாகவே கிட்டே வரும். மேய்கிற பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் அதுதான் எல்லை, ஓரடி பின்னால் வாருங்கள். ஆந்தைக்கு ஃபிளாஷ் வேண்டாம். கூடு இருக்கிற இடத்தை எந்தக் குழுவிலும் போடாதீர்கள், நெருங்கிய நண்பர் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

அப்புறம், அடிபட்ட பறவை கிடைத்தால் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். பறவைக்கு நாக்கு முடியும் இடத்திலேயே மூச்சுக்குழல் திறப்பு இருக்கிறது, தண்ணீர் நேராக அதற்குள் போகும். பால், சோறு எதுவும் வேண்டாம். காற்று போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, இருட்டு, அமைதி. உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்க்க ஆசைப்படாதீர்கள்.

நேற்று அந்தத் தம்பி மறுபடி வந்தான். அதே தோப்பில் இன்னொரு ஆறுமணிக் குருவி கத்துகிறதாம், இரண்டு பேர் ஸ்பீக்கரோடு வந்து விசாரித்தார்களாம். இடத்தைக் காட்டாமல் அனுப்பிவிட்டேன் என்றான். அந்த இரண்டு பேரும் இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள்: சித்திரை வெயிலில் அது வடக்கே கிளம்பும். அதுவரைக்கும் அந்தத் தோப்பை அதற்கே விட்டுவிடுங்கள்.