பழைய ரேஞ்ச்பைண்டர் கமராவுக்கு லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

மாரி முடிந்த கையோடு களுவாஞ்சிக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் என் ஸ்டூடியோவுக்கு வந்தார். கையில் மாமா கொடுத்த ஃபெட்-2 கமரா. சோவியத் காலத்து ரேஞ்ச்பைண்டர்: லென்ஸ் வழியாக அல்ல, தனி ஜன்னலால் பார்த்து, அதில் தெரியும் இரட்டை உருவத்தை ஒன்றாக்கித் தூரம் பிடிக்கும் வகை. அதன் முன்னால் இணையத்தில் புதிதாக வாங்கிப் பூட்டிய 85 மில்லிமீற்றர் ஜூபிட்டர்-9 லென்ஸ்.

"அண்ணன், மூணு ரோல் அடிச்சிட்டன். ஒரு படம்கூடத் தெளிவில்ல. பிலிம் கழுவின இடத்துல பிழை விட்டுட்டாங்க போல" என்றார்.

நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்திலிருந்த எண்களும் எழுத்துகளும் பளிச்சென்று இருந்தன. கழுவியதில் குறை இல்லை. படங்கள்தான் கஞ்சித் தண்ணிக்குள்ளால் பார்த்ததுபோல இருந்தன. லென்ஸைக் கழற்றிப் பின்பக்கத்தைத் திருப்பியதும் விஷயம் விளங்கிவிட்டது. அது ரேஞ்ச்பைண்டருக்குச் செய்த லென்ஸே இல்லை. செனித் என்ற, லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் வகைக் கமராவுக்குச் செய்த ஜூபிட்டர்-9.

இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே 39 மில்லிமீற்றர் மரை. திருகினால் தடையில்லாமல் ஏறும். ஆனால் ரேஞ்ச்பைண்டரில் லென்ஸ் உட்காரும் விளிம்புக்கும் பிலிமுக்கும் இடையே 28.8 மில்லிமீற்றர். செனித்தில் அது 45.2. பதினாறு மில்லிமீற்றருக்கும் மேலாகப் பிலிமோடு நெருங்கி உட்கார்ந்துவிட்டதால், எந்தத் தூரத்துக்குத் திருப்பினாலும் படம் பிலிமுக்குப் பின்னால்தான் கூடும். அந்தப் பிள்ளை மூன்று மாதம் சேர்த்த காசு அது. திருப்பி அனுப்புவதென்றால் தபால் செலவே பாதி விலையை விழுங்கிவிடும். அவருக்கு அதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனத்துப் போனது. இதை எழுதுவதும் அதனால்தான்.

விற்பவர் போடும் அழகான முன்பக்கப் படத்தை நம்பி வாங்காதீர்கள். பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். ரேஞ்ச்பைண்டர் லென்ஸின் பின்னால் ஒரு உலோக வளையம் இருக்கும். தூரத்தைத் திருப்பும்போது அது உள்ளே வெளியே நகரும். கமராவுக்குள் இருக்கும் சிறிய கை அந்த வளையத்தைத் தொட்டுத்தான் தூரத்தை அறிகிறது. திருப்பும் நிலையில் ஒரு சிறு வீடியோ அனுப்பச் சொன்னால் போதும், உண்மை தெரிந்துவிடும். படம் பெருப்பிக்கும் இயந்திரங்களின் லென்ஸ்கள் பலவற்றுக்கும் இதே 39 மில்லிமீற்றர் மரைதான். அவற்றில் அந்த வளையம் இருக்காது.

சரி, சரியான மரை, சரியான வகை என்று வைத்துக்கொள்வோம். அடுத்துப் பார்க்க வேண்டியது லென்ஸை இல்லை, உங்கள் கமராவை. எஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாகவே பார்ப்பதால் எதைப் பூட்டினாலும் அதுதான் கண்ணுக்குத் தெரியும். ரேஞ்ச்பைண்டரில் பார்ப்பது வேறு ஜன்னலால். அந்த ஜன்னலில் படத்தின் எல்லையைக் காட்டும் சட்டக்கோடு எந்தெந்த லென்ஸுக்கு இருக்கிறதோ அந்த லென்ஸைத்தான் நிம்மதியாகப் பாவிக்கலாம். 1954-இல் வந்த லைக்கா எம்3-இல் 50, 90, 135 மில்லிமீற்றர். அதற்குப் பின் வந்த எம்2-இல் 35, 50, 90. கெனன் பி-யில் 35, 50, 100. ஃபெட், சோர்கி போன்ற சோவியத் கமரா வைத்திருப்பவர்களுக்கு 50 மட்டும்தான். மற்ற எந்த லென்ஸுக்கும் மேலே செருகும் தனிப் பைண்டர், அதாவது பார்க்கும் ஜன்னல், வேண்டும். சில நேரம் அந்தப் பைண்டரின் விலை லென்ஸின் விலைக்கே வந்துவிடும். கணக்குப் போடும்போது அதையும் கூட்டிப் பாருங்கள். சோவியத் காலத்துச் சுழலும் பைண்டர் ஒன்று இருக்கிறது, 28, 35, 50, 85, 135 ஐந்தையும் காட்டும். ஃபெட்காரருக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

அகல லென்ஸ் விஷயத்தில் நான் பிடிவாதமானவன். முதல் அகல லென்ஸ் 35 ஆகவே இருக்கட்டும். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் பாதையில் (மிதவைப் படகில்) ஏறிப் பாருங்கள். மோட்டார் சைக்கிள், அரிசி மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாம் இரண்டு மூன்று மீற்றருக்குள். அங்கே 50-இல் ஆளின் கால் வெட்டுப்படும். 35-இல் ஆளும் வாவியும் சேர்ந்து வரும். லென்ஸின் வாயை (அப்பேச்சரை) எஃப்/8-க்கு ஒடுக்கி மூன்று மீற்றரில் தூரத்தை நிறுத்திவிட்டால், ஏறத்தாழ 1.9 மீற்றரிலிருந்து 7 மீற்றர் வரை எல்லாம் தெளிவு. பாதை கரையில் இடிக்கும் நேரத்தில் இரட்டை உருவத்தை ஒன்றாக்கிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. 28 இதைவிடச் சுகம்: எஃப்/8-இல் மூன்றேகால் மீற்றரில் வைத்தால் ஏறத்தாழ 1.6 மீற்றரைத் தாண்டியதெல்லாம் அடிவானம் வரை தெளிவு. ஆனால் கண்ணாடி போட்டவர்களுக்குப் பல கமராக்களில் 28-இன் கோட்டை முழுதாகப் பார்க்க முடியாது. கண்ணைச் சுழற்றித் தேட வேண்டும். அதனால்தான் 35 என்கிறேன்.

எஃப்/1.4, எஃப்/2 என்ற பெரிய வாய்க்குக் காசைக் கொட்ட வேண்டாம். ஐஎஸ்ஓ 400 பிலிமைப் போட்டுக்கொண்டு மத்தியானம் கல்லடிக் கடற்கரையில் நின்றால் எஃப்/16, 1/500 செக்கன். ஃபெட்-2-இன் ஆகக்கூடிய வேகமே 1/500தான். அந்தப் பெரிய வாயை இந்த வெயிலில் எப்போது திறக்கப் போகிறீர்கள்? இரவில் கூத்துப் படம் பிடிக்கவா? வட்டக்களரியைச் சுற்றிச் சனம் இருக்கும் இடத்தில் நீங்களும் இருக்கலாம், மத்தளம் அடிக்கும் அண்ணாவியாருக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். கமராவோடு வந்த 50 எஃப்/2 அதற்குத் தாராளம்.

விலை குறைந்த 35 என்றால் மூன்றைச் சொல்வேன். ஜூபிட்டர்-12 எஃப்/2.8, இரண்டாம் உலகப் போருக்கு முந்திய, ஜெர்மன் சைஸ் நிறுவனத்தின் பயோகொன் லென்ஸ் வழி வந்தது, அருமையான படம் தரும். அதன் பின் கண்ணாடி குமிழாக வெளியே துருத்தி, ஷட்டருக்கு மிகக் கிட்ட வரைக்கும் போகும். மேசையில் அப்படியே வைத்தால் கீறிவிடும். வெளிச்சமானியின் கை உள்ளே வந்துபோகும் லைக்கா சிஎல், எம்5 போன்றவற்றில் அதைப் பூட்டவே கூடாது. அடுத்தது கெனன் 35 எஃப்/2.8. உறுதியான பழைய உலோக வேலை. மூன்றாவது, ஜப்பானில் கோசினா செய்த ஃபோக்ட்லெண்டர் கலர்-ஸ்கோபார் 35 எஃப்/2.5. கொஞ்சம் கூட விலைதான், ஆனால் 1999-இல் தொடங்கிய லென்ஸ் வரிசை என்பதால் உள்ளே பூஞ்சணம், புகை என்ற பயம் குறைவு. கையில் காசிருந்தால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

குறுந்தொலை லென்ஸில், அதாவது 85, 90, 100 அளவுகளில்தான் அதிகம் பேர் காசை இழக்கிறார்கள். 85 எஃப்/2 என்றவுடன் முகப்படம் கண்ணுக்குள் வந்துவிடும். ஒன்றரை மீற்றர் தூரத்தில் ஒரு முகத்தை எஃப்/2-இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் நாலு சென்றிமீற்றருக்கும் குறைவு. மூக்கு நுனி தெளிந்தால் கண் மங்கிவிடும். அந்த நாலு சென்றிமீற்றரை உங்கள் கமராவால் பிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கமராவின் இரண்டு ஜன்னலுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பைண்டரின் பெருக்கத்தால் பெருக்கிப் பாருங்கள். ஃபெட்-2-இல் 67 மில்லிமீற்றர், பெருக்கம் 0.75, ஆகவே சுமார் 50. சோர்கி-4-இல் 38 அளவு. பெஸ்ஸா-ஆர் கமராவில் 25 அளவுதான். இந்த எண் குறையக் குறைய, திறந்த அப்பேச்சரில் நீள லென்ஸ் குறி தப்பும். 35 லென்ஸுக்கு 25 போதும். 85 எஃப்/2-க்கு அது போதாது.

ஆகவே 90 எஃப்/4, 100 எஃப்/3.5 போன்ற அடக்கமானவற்றைத் தேடுங்கள். லைக்காவின் பழைய எல்மார் 90 எஃப்/4 சந்தையில் நிறையக் கிடைக்கிறது, லைக்கா என்ற பெயருக்கு வியக்கத்தக்க மலிவு. கெனன் 100 எஃப்/3.5 மெலிதான லென்ஸ், கழுத்தில் கனக்காது. 90 எஃப்/4 என்றால் அதே ஒன்றரை மீற்றரில் ஆறரைச் சென்றிமீற்றர் அளவு ஆழம் கிடைக்கும். கூடக் கிடைத்த அந்த இரண்டரைச் சென்றிமீற்றரில் பல முகங்கள் பிழைத்திருக்கின்றன. பழைய திருகுமரை லென்ஸ்கள் பெரும்பாலும் ஒரு மீற்றருக்குக் கிட்டப் போகாது என்பதையும் மனதில் வையுங்கள். 135-ஐ இப்போது விட்டுவிடுங்கள்.

லைக்கா எம் வகைக் கமராவில் திருகுமரை லென்ஸைப் பூட்ட ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள வளையம் வேண்டும். மிக மலிவான வளையங்களில் தடிப்புப் பிசகும். மற்ற எல்லாம் சரியாக இருந்தும் குறி தப்பினால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள். இப்போது வரும் டிடிஆர்டிசன் போன்ற சீன லென்ஸ்கள் சிலவற்றில் குறியை நாமே திருகித் திருத்த வசதி உண்டு. நல்ல ஏற்பாடு.

நம் ஊருக்கென்று சொல்ல வேண்டியது பூஞ்சணம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. கார்த்திகை, மார்கழி மழையில் அலுமாரிக்குள் இருக்கும் செருப்பே பூத்துவிடும், லென்ஸ் எம்மாத்திரம். வாங்கும்போது அப்பேச்சரை முழுதாகத் திறந்து, போன் டோர்ச்சைப் பின்னாலிருந்து சாய்வாக அடித்து முன்னாலிருந்து பாருங்கள். நேராக அடித்தால் எல்லா லென்ஸும் சுத்தமாகத்தான் தெரியும். சிலந்தி நூல்போல ஓரத்திலிருந்து கிளைவிட்டால் பூஞ்சணம். பாலாடைபோல முழுதும் மூடியிருந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் ஆவியாகிப் படிந்த புகை. புகையைப் பெரும்பாலும் துடைத்து எடுக்கலாம். பூஞ்சணம் கண்ணாடியையே அரித்திருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஓரத்தில் ஒரு மெல்லிய கீறலோ இரண்டு தூசியோ இருந்தால் பயப்பட வேண்டாம், படத்தில் தெரியாது, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

வீட்டுக்கு வந்த லென்ஸைத் தோல் உறைக்குள் போட்டு மூடாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் ஒரு கைப்பிடி. நிறம் மாறியதும் மணிகளைச் சூடேற்றிக் காய வைத்து மீண்டும் போடுங்கள். நான் இருபது வருடமாக இதையே செய்கிறேன்.

இன்னொன்று. ஃபெட், சோர்கி, பழைய லைக்கா எல்லாவற்றிலும் ஷட்டர் துணியால் ஆனது. எஸ்எல்ஆரில் இருப்பதுபோல வெயிலை மறிக்க உள்ளே முகம்பார்க்கும் கண்ணாடி போன்ற ஒன்று இல்லை. மூடியில்லாத லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி கிடந்தால் அந்தத் துணியில் ஊசித்துளை விழும். பாசிக்குடாவில் மணலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போன ஒருவரின் கமராவை நானே ஒட்டுப்போட்டிருக்கிறேன். தோளில் தொங்கும்போது லென்ஸ் நிலத்தைப் பார்க்கட்டும்.

அந்தத் தம்பி, அடுத்த மாதம் ரேஞ்ச்பைண்டர் வகை ஜூபிட்டர்-9 ஒன்றைக் கொண்டு வந்தார். எவ்வளவு சொல்லியும் அவருக்கு 85 எஃப்/2 மேல்தான் ஆசை. இம்முறை பின்பக்க வீடியோவைப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார். ஃபெட்-2-இன் பின்மூடியைக் கழற்றி, பிலிம் தொட்டு ஓடும் உட்கம்பிகளின் மேல் ட்ரேசிங் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டினேன். ஷட்டரை பி-யில் வைத்துத் திறந்து பிடித்தபடி, ஒன்றரை மீற்றர் தள்ளி ஒரு தீப்பெட்டியை மேசை விளக்கடியில் நிறுத்தினோம். அவர் பைண்டரில் இரட்டை உருவத்தை ஒன்றாக்கினார். நான் உருப்பெருக்கியைத் தாளில் வைத்துப் பார்த்தேன். தலைகீழாகத் தெரிந்த தீப்பெட்டியின் எழுத்து கொஞ்சம் மங்கல். லென்ஸை ஒரு மயிரிழை திருப்பினேன், எழுத்துத் தெளிந்தது. பைண்டரில் உருவம் மீண்டும் இரண்டாகப் பிரிந்தது. "எஃப்/4-க்கு மூடு தம்பி" என்றேன். மூடினார். இரட்டை உருவத்தை மீண்டும் ஒன்றாக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். தாளில் வெளிச்சம் குறைந்தது, எழுத்தை வாசிக்க முடிந்தது. அந்த லென்ஸின் வளையத்தில் எஃப்/4-க்கு நேரே வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன்.