ஓரெக்ஸி: பசிக்கும் நாட்டத்துக்கும் நடுவே

ஆங்கிலத்தில் ஹங்கர், அப்பிடைட் என்று இரண்டு சொற்கள். தமிழில் பெரும்பாலும் இரண்டையுமே ‘பசி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கிரேக்கத்தில் அப்படி எழுத முடியாது. ஹங்கர் அங்கே ‘பீனா’, அப்பிடைட் ‘ஓரெக்ஸி’. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

பீனா வயிற்றைச் சேர்ந்தது. ‘பினாஓ’ என்றால் எனக்குப் பசிக்கிறது. அகோரப் பசி என்றால் ‘ஓநாய் மாதிரிப் பசிக்கிறது’ என்பார்கள். ஓரெக்ஸி மனதைச் சேர்ந்தது. சாப்பிட உட்காருகிறவரிடம் ‘கலி ஓரெக்ஸி’ என்பது கிரேக்க மரியாதை. ‘நல்லா ருசிச்சுச் சாப்பிடுங்க’ என்று வைத்துக்கொள்ளலாம். உணவகப் பட்டியலில் முதலில் இருக்கும் சின்னச் சின்னத் தட்டுகளுக்கு ‘ஓரெக்டிகா’, அதாவது ஓரெக்ஸியைக் கிளப்பிவிடுபவை என்று பெயர். வேலை செய்ய மனசில்லாதவரும் ‘எனக்கு ஓரெக்ஸி இல்லை’ என்றுதான் சொல்வார். அவர் வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கலாம்.

இதன் வேர் ‘ஓரெகோ’ என்ற பழைய வினைச்சொல். கையை நீட்டு, எட்டிப் பிடிக்கப் பார் என்று பொருள். இலியத் காவியத்தில், போருக்குப் புறப்படும் டிராய் வீரன் ஹெக்டர் தன் குழந்தையை வாங்கக் கை நீட்டும் இடத்தில் ஹோமர் இந்த வினையைத்தான் போடுகிறார் (குழந்தை அப்பாவின் தலைக்கவசத்தைப் பார்த்துப் பயந்து அலறுவது தனிக்கதை). அரிஸ்டாட்டில் காலத்தில் அது மனம் கை நீட்டுவதாகிவிட்டது. ‘ஓரெக்ஸிஸ்’ என்றால் அவருக்கு எல்லா வகை விழைவும்தான். சாப்பாடு அதில் ஒரு மூலை.

அப்பிடைட்டும் லத்தீனில் இதே வழியில் வந்த சொல். ‘பெட்டேரே’ என்றால் நாடிப் போதல். அதிலிருந்து அப்பெடீட்டஸ், அதிலிருந்து அப்பிடைட். அதனால் தமிழில் இதற்குச் சரியான சொல் ‘நாட்டம்’ என்பேன். நாடுதல் என்ற வினை உள்ளேயே இருக்கிறது. உணவுக்கும் பொருந்தும், வேலைக்கும் பொருந்தும். சிலர் எழுதும் ‘பசியார்வம்’ வலிந்து ஒட்டிய சொல்லாகத் தெரிகிறது.

இந்த வேறுபாடு மருத்துவத்தில்தான் உண்மையில் உறைக்கும். ‘அனோரெக்ஸியா’ என்றால் ஓரெக்ஸிஸ் இல்லாத நிலை. காய்ச்சலிலும் மஞ்சள் காமாலையிலும் சோற்றைப் பார்த்தாலே பிடிக்காமல் போகிறதே, அது. அதைப் ‘பசியின்மை’ என்று எழுதினால் பெரிய மோசமில்லை. ‘உணவு நாட்டமின்மை’ இன்னும் துல்லியம். சிக்கல் ‘அனோரெக்ஸியா நெர்வோசா’வில் வருகிறது. 1873-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் வைத்த பெயர் அது. எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் இந்த நோயாளிகளில் பலருக்குப் பசி இருக்கவே செய்கிறது, அதை அடக்கிக்கொள்கிறார்கள். இதற்கும் ‘பசியின்மை’ என்று எழுதினால், வீட்டில் உள்ளவர்கள் பசியைத் தூண்டும் டானிக்கைத் தேடிப் போவார்கள். கிரேக்கப் பெயரே இங்கு அரைகுறைதான் என்பதால் வேரைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ‘உணவு மறுப்பு நோய்’ என்பதே தெளிவு.

அப்புறம் ‘புலிமியா’ என்ற நோய்ப்பெயர். தமிழ் எழுத்தில் பார்த்ததும் புலி ஞாபகம் வரும். உள்ளே இருப்பதோ எருது. ‘பூஸ்’ எருது, ‘லீமோஸ்’ கடும்பசி அல்லது பஞ்சம். இரண்டும் சேர்ந்து பழைய கிரேக்கத்தில் ‘பூலிமியா’, எருதுப் பசி. கி.மு. 401-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கிரேக்கக் கூலிப்படை ஆர்மீனியப் பனியில் நடந்தபோது வீரர்கள் சிலர் சுருண்டு விழுந்தார்கள். பின்வரிசையில் வந்த தளபதி செனபோனுக்கு என்ன நோய் என்று விளங்கவில்லை. விவரம் தெரிந்த ஒருவர் ‘இது பூலிமியா, ஏதாவது தின்றால் எழுந்துவிடுவார்கள்’ என்றார். செனபோன் பொதி விலங்குகள் இருந்த பக்கம் போய், தின்னக்கூடியது எது கண்ணில் பட்டாலும் எடுத்துக் கொடுக்கச் செய்தார். தின்றதும் எழுந்து நடந்தார்கள். அவரே ‘அனபாசிஸ்’ என்ற தன் நூலில் எழுதியிருப்பது இது.

எருதுப் பசிக்கு நம்மிடம் யானை இருக்கிறது. மணிமேகலையில் முனிவரின் நாவற்கனியை மிதித்துச் சபிக்கப்பட்ட காயசண்டிகை, எவ்வளவு தின்றும் அடங்காத ‘யானைத்தீ’ நோயால் பன்னிரண்டு ஆண்டுகள் வாடுகிறாள். அமுதசுரபிச் சோற்றில்தான் அது தணிகிறது. பழைய பூலிமியாவுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைக்காது.

ஆனால் இன்றைய நோய்ப்பெயருக்கு இதைப் போட்டுவிடக் கூடாது. 1979-இல் ஜெரால்ட் ரஸல் விவரித்த ‘புலிமியா நெர்வோசா’வில் அளவுமீறிய தீனி பாதிதான், தின்றதை வாந்தியெடுத்தோ பேதி மருந்தாலோ வெளியேற்றுவது மறுபாதி. காயசண்டிகைக்கு அது கிடையாது. இங்கே புலிமியா என்றே வைத்துக்கொண்டு, முதல் தடவை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடலாம்.